பதினான்காவது கேள்வி

எய்னார் தோர்கெல்சனின் பின்புறத்தில் மொத்தம் முப்பத்தொரு சிவப்புப் புடைப்புகள் இருந்தன. எண்ணியது அவரேதான். திங்கட்கிழமை காலை, கர்லிங் மன்றத்தின் கழிவறையில், சவரக் கண்ணாடியை ஒரு கையிலும் கைப்பேசி விளக்கை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, ஐம்பத்து நான்கு வயது இடுப்பு ஒத்துக்கொள்ளாத ஒரு முறுக்கில் நின்று எண்ணினார். இரண்டு முறை. இரண்டாவது முறை முப்பத்து நான்கு வந்தது.

புடைப்புகளைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஹோல்மவிக் ஊரில், பனியில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் ஆட்டத்தின் பனித்தரையைப் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பவர் அவர். தினமும் காலையில் முதுகில் தண்ணீர்க் கலத்தைக் கட்டிக்கொண்டு, வழவழப்பான பனிமேல் நீர்த்துளிகளைத் தெளிப்பார். துளிகள் உறைந்து பொடிப்பொடியாய்ப் புடைத்து நிற்கும். அவற்றின் மேல்தான் கர்லிங் கற்கள் வழுக்கிக்கொண்டு ஓடும். புடைப்பு தானாக வராது, யாரோ ஒருவர் வந்து தெளித்தால்தான் வரும் என்பது அவருடைய தொழில் அறிவு. அந்த அறிவோடு கண்ணாடியைப் பார்த்து, இது படுக்கையில் ஒட்டும் நோய் என்று முடிவுகட்டினார். ‘நான் எங்கும் போகவில்லை. அப்படியானால் இதை வீட்டுக்குக் கொண்டுவந்தது வல்டினா.’

வல்டினா அவருடைய மனைவி. திருமணமாகி இருபத்தேழு வருடம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். இதுவரை அவர்மேல் எந்தப் புகாரும் இல்லை. புகாரே இல்லாததுதான் இப்போது எய்னாருக்கு உறுத்தியது. யோசிக்க யோசிக்க சாட்சிகள் வரிசையில் வந்து நின்றன. இலையுதிர் காலத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் பக்கத்து ஊர்த் தேவாலயத்துக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறார். பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்கிறார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு கைக்குப் பூசும் களிம்பை மாற்றியிருக்கிறார். பழைய களிம்பில் என்ன குறை?

வைத்தியம் பார்த்தாக வேண்டும். ஊரில் ஒரே ஒரு மருந்துக்கடை. அதை நடத்துவது லில்யா, வல்டினாவின் தங்கை. லில்யா யாருடைய நோயையும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தே ஊருக்குத் தெரிந்துவிடும். எனவே இணையம்.

முதலில் அகப்பட்ட தளம் ‘எந்தக் கேள்வியும் கேட்கமாட்டோம்’ என்று பெருமையாக எழுதியிருந்தது. எய்னாருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அதில் கழுத்தில் குழாயைத் தொங்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த டாக்டரை எங்கேயோ பார்த்த நினைவு. போன மாதம் செய்தித்தாளில் பனிக்கால டயர் விளம்பரத்தில் சிரித்தவரும் அவர்தான். டயரையும் தெரிந்து, தோலையும் தெரிந்தவராக இருக்கலாம். இருந்தாலும் எய்னார் அந்தப் பக்கத்தை மூடாமல் ஓரமாக வைத்துக்கொண்டார்.

இரண்டாவது தளம் மாகாணத் தலைநகர் வின்னிபெக்கிலிருந்து நடந்தது. உரிம எண் போட்டிருந்தது. ‘பொட்டலத்தின் மேல் எங்கள் பெயரோ மருந்தின் பெயரோ இருக்காது, வெறும் பழுப்பு உறை, ஒரு தபால் பெட்டி எண் மட்டும்’ என்று எழுதியிருந்தது. எய்னார் அந்த வரியை நான்கு முறை படித்தார். பெட்டி எண்ணே மனப்பாடமாகிவிட்டது. பிறகு படிவத்தைத் திறந்தார். அந்த நோய்க்கான மாத்திரை கேட்பவர்களுக்குப் பதினைந்து கேள்விகள். ஓட்டுநர் உரிமத்தின் படம் வேண்டுமாம். தோலின் படமும் வேண்டுமாம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? ரத்த அழுத்தத்துக்கு இரண்டு. சிறுநீரகம் எப்படி? கொஞ்சம் சோம்பேறி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறீர்களா? ஆம், ஒருமுறை. இதுவரை எல்லாம் உண்மை.

பதினான்காவது கேள்வி: ‘கடந்த இரண்டு வாரத்தில் வெந்நீர்த் தொட்டியிலோ நீச்சல் குளத்திலோ இறங்கினீர்களா?’

எய்னார் கதவைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது.

சென்ற வருடம் ஒரு போட்டிக்குப் போன இடத்தில், விடுதியின் வெந்நீர்த் தொட்டியிலிருந்து எழுந்த எய்னார் அப்படியே மயங்கி விழுந்தார். அணியினர் மூவரும் அவரைத் துண்டில் சுற்றி, தூண்டிலில் விழுந்த பெரிய மீனைப் போலத் தூக்கிவந்தார்கள். படம் ஒன்று ஊர் முழுக்கச் சுற்றியது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் கொதிக்கிற தண்ணீரில் ஊறினால் அப்படித்தான் என்றார் டாக்டர். வல்டினா படத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டு அழுததாக லில்யாவின் முகம் சொன்னது. இனிமேல் தொட்டிப் பக்கம் போவதில்லை என்று எய்னார் அன்றைக்கே சத்தியம் செய்துகொடுத்தார்.

போன வெள்ளிக்கிழமை, மேற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் இன்னொரு போட்டி. இன்னொரு விடுதி. இன்னொரு தொட்டி. நால்வரும் அதில் இரண்டு மணி நேரம் கிடந்தார்கள்.

எய்னார் ‘இல்லை’ என்பதில் குறியிட்டார். அது வல்டினாவுக்குச் சொல்ல வேண்டிய பொய். டாக்டருக்குத் தேவையில்லைதான். ஆனால் ஒரு பொய்யை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டிருந்தால் பிறகு நினைவு வைத்துக்கொள்வது கஷ்டம். பதினைந்தாவது கேள்வியைப் படிக்காமலே ‘ஆம்’ போட்டு அனுப்பினார்.

அன்று மதியமே ஏரிக்குப் போனார். உறைந்த ஏரிமேல் அவருக்கு ஒரு மீன்பிடிக் குடிசை உண்டு, உள்ளே ஓர் அடுப்பும். மூன்று ஜோடிக் காலுறைகளையும் ஒரு காப்பி டப்பாவையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். மாத்திரை கையில் வந்ததும், வியாழக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வல்டினா கிளம்பும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அங்கே குடியேறிவிடுவது என்று முடிவு. ஏப்ரலில் பனி உருகினால் எங்கே போவது என்பதை மட்டும் இன்னும் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கைப்பேசியில் பதில் வந்தது.

“வணக்கம் எய்னார். நான் டாக்டர் மாரிவிக் டும்லாவ். போட்டோவைப் பார்த்தேன். நீங்க கேட்ட மாத்திரையை இப்போ தர முடியாது. நீங்க பயப்படுற நோய்னா பொதுவா கொப்புளம் ஓரிடத்துல கொத்தா வரும், வலிக்கும். அந்த மாத்திரைன்னாலும் உங்க சிறுநீரகத்துக்கு அளவு பார்த்துத்தான் குடுக்கணும். ஆனா உங்களுக்கு ரெண்டு பக்கமும் பரவி, இடுப்புகிட்ட கோடு கிழிச்ச மாதிரி நிக்குது. நீச்சல் டவுசரோட விளிம்பு மாதிரி. பதினாலாவது கேள்விக்கு இன்னொரு தடவை பதில் சொல்றீங்களா?”

எய்னாருக்குச் சுரீர் என்றது. இத்தனை கேள்வியில் குறிப்பாக அந்த ஒரு கேள்வியை இந்த டாக்டர் ஏன் பிடித்துக்கொள்கிறார்? வல்டினா சொல்லிக்கொடுத்திருப்பாரோ? பாட்டுக் குழுவில் வின்னிபெக்கிலிருந்து வருகிற யாராவது இருக்கிறார்களா?

“இல்லைன்னா இல்லைதான்,” என்று தட்டினார்.

“சரி. பக்கத்துல யாராவது இருந்து இதைப் படிக்கிறாங்களா? தனியா பேசணும்னா நேரம் சொல்லுங்க, நானே கூப்பிடுறேன்.”

இது அதைவிடச் சந்தேகமாக இருந்தது. மாகாண மருத்துவர் பதிவேட்டில் டாக்டரின் பெயரைத் தேடினார். இருந்தது. உரிமம் செல்லும் என்றும் இருந்தது. எய்னாருக்கு நிம்மதி வரவில்லை. உண்மையான டாக்டருக்கு இவ்வளவு கேள்வி கேட்க நேரம் ஏது? லில்யாவின் கடையில் இருமல் மருந்து வாங்கக்கூட ஒரு கேள்விக்கு மேல் இல்லை. ஓரமாக வைத்திருந்த டயர் டாக்டரின் பக்கத்துக்குப் போனார். மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். சிறுநீரகத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. கடைசிப் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. அந்த நேரம் பார்த்து அரிப்பு எடுத்தது. விரல் வேறு வேலைக்குப் போய்விட்டது.

புதன்கிழமை மாலை அணியின் பயிற்சி. ஆடி முடித்ததும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காப்பி குடிப்பது பத்தொன்பது வருடப் பழக்கம். அன்றைக்கு நால்வரும் நின்றே குடித்தார்கள்.

“உக்காரேன் லோர்ன்,” என்றார் எய்னார்.

“நிக்கிறேன்பா. டாக்டர் நிக்கச் சொல்லியிருக்காரு.”

“எந்த டாக்டர்?”

“முதுகு டாக்டர்.”

“உனக்கு எப்ப முதுகு வலி வந்துச்சு?”

“ஏன், உன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் வரணுமா?” என்ற லோர்ன், கதவு நிலையில் சாய்ந்து, மரத்தில் முதுகு தேய்க்கும் கரடியைப் போல மெதுவாக மேலும் கீழும் அசைந்தார். தேய்ந்தது முதுகு அல்ல. அதற்கும் கீழே.

எய்னாரின் காப்பி ஆறிப்போனது. லோர்ன்! முப்பது வருட நண்பன். ஜனவரியில் எய்னார் மன்றத்தில் இருந்தபோது, கேட்காமலே வந்து வீட்டுவாசல் பனியை இரண்டு முறை தள்ளிக்கொடுத்தவன். ஒரு மனிதன் கேட்காமல் எதற்குப் பனி தள்ளுவான்?

அவர் குவளையை ஓங்கி வைக்கப்போன சமயத்தில் அணித் தோழர் முர்ரே கண்ணில் பட்டார். முர்ரே யாருக்கும் தெரியாதென்று நினைத்துக்கொண்டு, கையுறையோடு சொறிந்துகொண்டிருந்தார். முர்ரேயும்? அவருக்கு அந்தப் பக்கம் எழுபத்தொரு வயது வெஸ்லி, செயற்கை இடுப்பு மூட்டோடு, பனி தேய்க்கும் துடைப்பத்தின் காம்பைப் பின்னால் கொண்டுபோயிருந்தார்.

எய்னார் ஆட்டக் கணக்குத் தாளைத் திருப்பி, வல்டினாவின் வாரத்தை எழுதிப் பார்த்தார். காலைப் பேருந்து, மாலைப் பேருந்து, மளிகை, பாட்டு, மாமியாருக்குக் கால் நகம் வெட்டுவது. எல்லாம் போக, செவ்வாய்க்கிழமை மதியம் நாற்பது நிமிடம் மிச்சம். முர்ரேக்குப் பூட்ஸ் கழற்றவே இருபது நிமிடம் ஆகும். வெஸ்லி மாடிப்படி ஏற மாட்டார். எப்படிக் கூட்டினாலும் மூன்று பேருக்கு இடமில்லை. கட்டிய மனைவியின் பெயரைக் காப்பாற்றியது அவள்மேல் வைத்த நம்பிக்கை என்று சொல்ல எய்னாருக்கும் ஆசைதான். ஆனால் காப்பாற்றியது முர்ரேயின் பூட்ஸ்.

அப்படியானால் நால்வரும் சேர்ந்து போனது எங்கே?

எய்னார் பனித்தரைக்குப் பின்னாலிருந்த இயந்திர அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ‘பதினாலாவது கேள்விக்குப் பதில்: ஆமா. வெள்ளிக்கிழமை. ரெண்டு மணி நேரம்’ என்று தட்டினார்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. “உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. இது பெரும்பாலும் தொட்டித் தண்ணியில இருக்கிற கிருமி, மயிர்க்கால்ல புகுந்திருக்கு. யார்கிட்டேயிருந்தும் ஒட்டினது இல்ல. வழக்கமா பத்து நாளுக்குள்ள தானா போயிடும், அந்த மாத்திரை வேண்டாம். அதிகமானா, வலிச்சா, காய்ச்சல் வந்தா நேர்ல போய்க் காட்டுங்க. விடுதிக்காரங்களுக்கும் ஒரு போன் பண்ணுங்க. அப்புறம் எய்னார், ரத்த அழுத்த மாத்திரை, மயங்கி விழுந்தது, ரெண்டையும் நீங்களே எழுதியிருக்கீங்க. மறுபடி ஏன் இறங்கினீங்க?”

அதைப் பார்க்காததுபோல எய்னார் “மத்த மூணு பேரும் உங்ககிட்ட வந்தாங்களா?” என்று கேட்டார்.

“யார் வந்தாங்க, வரலைன்னு சொல்ல மாட்டேன். நீங்க வந்ததையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

மருந்து கொடுக்கவில்லை. ஊர்க்கதையும் சொல்லவில்லை. இப்படி ஒரு டாக்டரை எய்னார் பார்த்ததில்லை. டயர் டாக்டரின் பக்கத்தை மூடினார். வியாழக்கிழமை காலை முதல் வேலையாகக் குடிசைக்குப் போய்க் காலுறைகளை எடுத்து வந்துவிட வேண்டும். விஷயம் முடிந்தது. வல்டினாவுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

வியாழக்கிழமை ஏரியில் பனிப்புயல். குடிசைக்குப் போக முடியவில்லை. மாலையில் அஞ்சலகத்துக்கு மட்டும் போனார். ஹோல்மவிக்கில் வீட்டுக்குத் தபால் வராது, குடும்பத்துக்கு ஒரு பெட்டி. தோர்கெல்சன் பெட்டியில் ஒரு பொட்டலம் கிடந்தது. வெறும் பழுப்பு உறை. அனுப்பியவர் பெயர் இல்லை. மூலையில் ஒரு தபால் பெட்டி எண். எய்னாருக்கு மனப்பாடமான எண்.

நான்தான் எதுவும் வாங்கவில்லையே என்று திருப்பிப் பார்த்தார். பெறுநர்: வல்டினா தோர்கெல்சன்.

“அந்த மாதிரி வெறும் பொட்டலம் இந்த வாரம் இது நாலாவது,” என்றார் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்த அஞ்சலக ஊழியர் டோரீன். “மேல ஒண்ணுமே எழுதாம அனுப்புறாங்க பாரு, அதனாலேயே பளிச்சுனு தெரியுது.”

எய்னார் வண்டியை வீட்டுக்கு ஓட்டினாரா, வண்டி அவரைக் கொண்டுபோனதா தெரியாது. தொட்டிக் கிருமிக்கும் வல்டினாவுக்கும் சம்பந்தமில்லை. வல்டினா தொட்டியில் இறங்கவில்லை. அப்படியிருக்க அவளுக்கு எதற்கு இந்தப் பொட்டலம்? முர்ரேயின் பூட்ஸ் காப்பாற்றியதெல்லாம் ஒரு நொடியில் போயிற்று. நாற்பது நிமிடம். ஒருவனுக்கு நாற்பது நிமிடம் தாராளம்.

வல்டினா பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்ப, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். எய்னார் பொட்டலத்தைச் சமையலறை மேசையில், உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது என்ன?”

வல்டினா பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு எய்னாரைப் பார்த்தார். போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“உக்காரு,” என்றார்.

“நான் நிக்கிறேன்.”

“தெரியும், உன்னால உக்கார முடியாது. ஞாயித்துக்கிழமை குளிச்சுட்டு வந்து, குனிஞ்சு சாக்ஸ் தேடினியே, அப்பவே பார்த்துட்டேன்.”

“பார்த்துட்டு ஏன் சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

எய்னார் பொட்டலத்தைச் சுட்டினார்.

“நானே சொல்றேன் கேளு,” என்றார் வல்டினா. குரல் பேருந்தின் பின்சீட்டுப் பிள்ளைகளிடம் பேசும் குரல். “போட்டிக்குப் போயிட்டு வந்த உன் பையில நீச்சல் டவுசர் ஈரமா கெடந்துச்சு. பனியில கல்லு தள்ளுறவனுக்கு டவுசர் எதுக்கு? சவரக் கண்ணாடியை மன்றத்துக்கு எடுத்துட்டுப் போறே, தாடி அப்படியே இருக்கு. திங்கக்கிழமை மூணு ஜோடி சாக்ஸ் காணோம், காப்பி டப்பா காணோம். மீன் பிடிக்கப் போறவன் தூண்டில் எடுத்துட்டுப் போவான். சாக்ஸ் எடுத்துட்டுப் போறவன் வீட்டைவிட்டுப் போறவன். விடுதியில எவளோ ஒருத்தி. அதான் பரிசோதனைப் பொட்டலம் வாங்கினேன். உனக்கு என்ன வந்திருந்தாலும் எனக்கும் வந்திருக்குமே. லில்யா கடையில போய்க் கேக்கவா முடியும்?”

“எவளும் இல்ல!” என்று கத்தினார் எய்னார். “நான் நெனச்சேன் நீதான்...”

“நான்தான்?”

“...பாட்டு. அப்புறம் லோர்ன். அவன் கேக்காம பனி தள்ளினான்.”

“லோர்னா?” என்றார் வல்டினா. “பனி தள்ளச் சொல்லி அவனுக்கு நான்தான் போன் பண்ணேன். உன் நெஞ்சுக்கு ஆகாதுன்னு. உன்கிட்ட சொன்னா நீ கோவிச்சுக்குவியேன்னு சொல்லல.” மேசையைப் பிடித்துக்கொண்டார். “சரி, எவளும் இல்ல. அப்ப டவுசர் எப்படி ஈரமாச்சு?”

எய்னார் உப்புக் குப்பியைப் பார்த்தார். தன்னைக் குற்றமற்றவன் என்று நிரூபிக்க அவரிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அதுதான் குற்றம்.

“தொட்டி,” என்றார்.

வல்டினா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“எவ்வளவு நேரம்?”

“கொஞ்ச நேரம்.”

“எய்னார்.”

“ரெண்டு மணி நேரம்.”

வல்டினா அழுவார் என்று நினைத்தார். அழவில்லை. பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இரண்டு சிறுநீர்க் குப்பிகள், விரல் குத்தும் ஊசிகள், திருப்பி அனுப்ப இரண்டு உறைகள். “ரெண்டு பேருக்குச் சேர்த்து வாங்கினா தள்ளுபடி,” என்றபடி ஒரு குப்பியை அவர் பக்கம் தள்ளினார்.

“நான்தான் சொல்லிட்டேனே! டாக்டரே எழுதியிருக்காங்க, தண்ணியில வந்த கிருமின்னு. படிச்சுப் பாரு.”

“எவளோ ஒருத்தி இருந்திருந்தாக்கூட நீ உயிரோட திரும்பி வந்திருப்பே. தொட்டியில அப்படியே போயிருந்தா? சத்தியம் பண்ணிட்டு இறங்கினவன் நீ. உன் வாயை நம்புற காலம் போச்சு. குப்பியை எடு.”

எய்னார் குப்பியை எடுத்தார். கழிவறை வாசலில் திரும்பி நின்று, “நீயும் பண்ணப் போறியா?” என்றார். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

“ஆமா,” என்றார் வல்டினா. “லோர்னுக்காக.”

அஞ்சலகம் மூட ஐந்து நிமிடம் இருந்தது. டோரீன் இரண்டு உறைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தராசில் வைத்தார். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, முகத்தைப் பெரும்பாடுபட்டு நேராக வைத்திருந்தார்.

“ரெண்டா?”

“ரெண்டு,” என்றார் வல்டினா.

வெளியே வண்டிக்குள் ஏறியதும் வல்டினா கையை நீட்டினார். எய்னார் கைப்பேசியைக் கொடுத்தார். டாக்டரின் பதிலை வல்டினா மேலிருந்து கீழே படித்தார். மறுபடி ஏன் இறங்கினீர்கள் என்ற கேள்விக்குப் பக்கத்தில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு படிவத்தைத் திறந்தார்.

“பதினாலாவதுல பொய். வேற எங்க?”

“வேற எங்கயும் இல்ல.”

“பதினைஞ்சாவது என்னன்னு தெரியுமா உனக்கு?”

“படிக்கல. ‘ஆம்’ போட்டேன்.”

வல்டினா உரக்கப் படித்தார்: “‘இதைப் பற்றி உங்கள் துணையிடம் பேசிவிட்டீர்களா?’”

எய்னார் கண்ணாடித் துடைப்பானைப் போட்டார்.

“இப்ப பேசியாச்சுல்ல,” என்றார் எய்னார்.

“வண்டியை எடு. பாட்டுக்கு நேரமாச்சு. இன்னைக்கு நீயும் வந்து பின்வரிசையில உக்காரு.”

“என்னால உக்கார முடியாதே.”

“அப்ப நில்லு,” என்ற வல்டினா, கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்காமல் தன் கோட்டுப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.